லீவு நாளில் பேசியதற்கு அரசு வேலை போகுமா?

கேள்வி:

வணக்கம் சார். நானும் என் தம்பியும் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறோம். பூர்வீகம் திருச்சிப் பக்கம். அப்பா அம்மா தவறிவிட்டார்கள், அவனுக்கு எல்லாமே நான்தான். அவன் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) 911 அவசர அழைப்பு மையத்தில் போன் எடுக்கும் வேலையில் இருக்கிறான். சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. ஆறு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

ஜூலை 4 அன்று நண்பர் வீட்டுத் தோட்டத்தில் பார்பெக்யூ. இவனுக்கு லீவு. கொஞ்சம் பீர் குடித்திருக்கிறான். கறுப்பினப் பெண்கள் 911க்குப் போன் செய்தால் எப்படிக் கத்துவார்கள் என்று குரலை மாற்றி நடித்துக் காட்டியிருக்கிறான். குரங்குச் சேஷ்டை வேறு. சில தெருப் பெயர்களைச் சொல்லி, அங்கிருந்து போன் வந்தால் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸ் என்றும் ஏதோ ஜோக் அடித்திருக்கிறான். யாரோ செல்போனில் எடுத்ததை வேறு யாரோ இன்ஸ்டாகிராமில் போட, இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கவுண்டி அவனைச் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்திருக்கிறது. அவனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி அலுவலக வாசலில் கூட்டம் கூடியது.

வேலை நேரத்தில் செய்யாத காரியத்துக்கு வேலையை எடுக்கலாமா? அமெரிக்காவில் பேச்சுரிமை இருக்கிறதே? வீடியோ எடுத்தவர் மீது கேஸ் போட முடியுமா? அவன் மனசில் வஞ்சம் கிடையாது சார். கூட வேலை பார்க்கும் கறுப்பினத்தவர்கள் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கிக் கொடுக்கலாமா? ஒரு நாள் வேடிக்கைக்காக ஒருத்தன் வாழ்க்கையே போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பிக்கு வேலை போகும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். வீடியோவை நான் பார்க்கவில்லை, உங்கள் கடிதத்தை வைத்தே எழுதுகிறேன். குரலை மாற்றி நடித்ததைச் சொன்னீர்கள், குரங்குச் சேஷ்டையைச் சொன்னீர்கள். காபி விஷயத்தை மட்டும் ‘ஏதோ ஜோக்’ என்று அரை வரியில் தாண்டிவிட்டீர்கள். கவுண்டியின் வக்கீல் வந்து நிற்கப் போவது அந்த அரை வரியில்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் நிற்பேன்.

அதற்கு வருவதற்கு முன் பேச்சுரிமையைப் பார்த்துவிடுவோம். உங்கள் தம்பி ஒரு தனியார் கம்பெனியில் இருந்திருந்தால் இந்தப் பதிலை மூன்று வரியில் முடித்திருப்பேன். பேச்சுரிமையைத் தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியின் கையை அல்ல. வீடியோ வெளிவந்த மறுநாளே தனியார் கம்பெனி அவரை அனுப்பிவிடலாம். பெரும்பாலும் கோர்ட்டு குறுக்கே வராது. கவுண்டி அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் இங்கே முதலாளியே அரசாங்கம். சம்பளம் கொடுப்பதாலேயே ஒரு மனிதனின் வாயை அது முழுசாக வாங்கிவிட முடியாது.

இதற்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1968இல் பிக்கரிங் வழக்கில் வகுத்தது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், பள்ளி நிர்வாகம் பணத்தைச் செலவழிக்கும் விதத்தைக் குறைசொல்லி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலையை விட்டு எடுத்தார்கள். அது செல்லாது என்றது கோர்ட்டு. பொது விஷயத்தைப் பற்றிக் குடிமகனாகப் பேச ஊழியருக்கு உள்ள உரிமை ஒரு பக்கம், வேலை தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்ற அரசின் தேவை இன்னொரு பக்கம். இரண்டையும் எடை போட்டுத்தான் தீர்ப்பு. அன்றிலிருந்து இன்றுவரை இதே எடைதான்.

இந்த எடையில் கேட்கவே கூசும் பேச்சுகூட ஜெயித்திருக்கிறது. 1981இல் அதிபர் ரீகனைச் சுட்ட செய்தி ரேடியோவில் வந்தபோது, டெக்சாஸில் ஒரு கான்ஸ்டபிள் அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண், அடுத்த தடவை முயன்றால் குறி தப்பாமல் இருக்கட்டும் என்ற பொருளில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அன்றே வேலை போனது. 1987இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் நின்றது. அவருக்கு மக்களோடு தொடர்பு இல்லை, துப்பாக்கி இல்லை, யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை, அவர் சொன்னதால் அலுவலக வேலை எதுவும் கெடவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சொன்னது எவ்வளவு அசிங்கம் என்பதைவிட, சொன்னவர் என்ன வேலையில் இருக்கிறார் என்பதைக் கோர்ட்டு எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது என்று கவனியுங்கள்.

இனி உங்கள் மாநிலத்துக்கு வருவோம். நியூயார்க்கில் இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டும் வழக்கு 1998இல் நடந்த ஓர் ஊர்வலத்தால் வந்தது. நியூயார்க் நகரின் குவீன்ஸில் ஜமைக்கா விரிகுடாவுக்குள் இருக்கும் பிராட் சேனல் என்ற சின்னத் தீவுப் பகுதி. குடியிருப்பவர்களில் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். தொழிலாளர் தினத்தன்று அலங்கார வண்டி ஊர்வலம் நடக்கும். அந்த வருஷம் நியூயார்க் நகரப் போலீஸ்காரர் ஒருவரும் தீயணைப்பு வீரர்கள் இருவரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வண்டி கட்டினார்கள். கறுப்பின மக்கள் அந்தப் பகுதிக்குக் குடிவந்தால் நூறு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். முகத்தில் கறுப்புச் சாயம், தலையில் சுருள்முடி விக், வண்டியின் முகப்பில் பொரித்த கோழி வாளிகள், கூடவே தர்பூசணி, எல்லாம் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய அடையாளங்கள். அந்த வருஷம் ஜூன் மாதம்தான் டெக்சாஸின் ஜாஸ்பர் என்ற ஊரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் டிரக்கின் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்துக் கொன்றிருந்தார்கள். ஊர்வலத்தின் ஒரு கட்டத்தில் தீயணைப்பு வீரர்களில் ஒருவர் ஓடும் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கி அந்தச் சாவை நடித்துக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள்.

மூன்று பேரும் அன்று டூட்டியில் இல்லை. சீருடை இல்லை. அந்த வேலையில் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. வீடியோ டிவியில் வந்ததும், இதில் நகர ஊழியர்கள் இருந்தால் வேலையை விட்டு எடுப்பேன் என்று மேயர் ஜூலியானி அறிவித்தார், அப்படியே எடுத்தும்விட்டார்கள். மூவரும் வழக்குப் போட்டார்கள். 2003இல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2006இல் நியூயார்க்கும் அடங்கிய இரண்டாம் வட்டத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கலாப்ரேசி. போலீஸும் தீயணைப்பும் எல்லாத் தெருவிலும் எல்லா வீட்டுக்குள்ளும் போகவேண்டிய வேலைகள், அந்தத் தெரு மக்களின் நம்பிக்கையும் ஒத்துழைப்பும் இல்லாமல் அவை நடக்காது, அந்த நம்பிக்கை கெடும் என்று நகரம் அஞ்சியதில் நியாயம் இருக்கிறது என்றார். முந்தின வருஷம்தான் புரூக்ளினில் ஒரு ஸ்டேஷனுக்குள் ஹெய்த்தியிலிருந்து குடியேறிய ஆப்னர் லுயீமா என்பவரைப் போலீஸார் கொடூரமாகச் சித்திரவதை செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஊரில் அந்த நேரத்தில் அது வெற்று அச்சம் இல்லை.

எல்லா இடத்திலும் இதே மாதிரிதான் தீர்ப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். பால்டிமோரில் ஒரு போலீஸ்காரர் லீவு நாளில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பழைய மேடைப் பாடகர் ஒருவரைப் போலப் பாடி வந்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் துறை அவரைத் தடுத்தது. 1985இல் நான்காம் வட்ட நீதிமன்றம் போலீஸ்காரர் பக்கமே நின்றது. வெளியில் கூட்டம் கத்துகிறது என்பதற்காக ஊழியரின் பேச்சை நிறுத்தக் கூடாது என்றது. ஆனால் நீங்கள் இருப்பது நியூயார்க்கில். உங்களைக் கட்டுப்படுத்துவது இரண்டாம் வட்டத்தின் தீர்ப்பு.

அதே இரண்டாம் வட்டத்தில் 2002இல் இன்னொரு தீர்ப்பும் உண்டு. அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. நியூயார்க் போலீஸ் துறையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் இருந்தார். நன்கொடை கேட்டு வீட்டுக்கு வரும் தபால்களில் பதில் அனுப்ப ஓர் உறை இருக்குமே, அதில் கறுப்பினத்தவரையும் யூதரையும் இழிவுபடுத்தும் துண்டுப் பிரசுரங்களைப் போட்டுப் பெயர் இல்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். துப்பறிந்து பிடித்து வேலையை விட்டு எடுத்தார்கள், கோர்ட்டும் சரி என்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மறுத்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர் அவர். அந்த மனிதர் எழுதியது புண்படுத்தும் வெறுப்புப் பேச்சு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் இருந்துகொண்டு, பெயர் சொல்லாமல், மக்களோடு தொடர்பில்லாத பதவியில் இருக்கும் ஒருவர் செய்ததற்கு வேலையைப் பறிப்பது எல்லை தாண்டியது என்று எழுதினார். நான் அவர் பக்கம்.

ஏன் என்று கேட்பீர்கள். இனவெறி பிடித்தவருக்கு அரசு வேலை எதற்கு, எடுத்துவிட வேண்டியதுதானே என்று வாசலில் கூடியவர்கள் கேட்பதில் உள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஊழியரின் சொந்த வாழ்க்கையையும் நம்பிக்கையையும் காரணம் காட்டி வேலையைப் பறிக்கும் அதிகாரம் இந்த நாட்டில் யார் மேல் பாய்ந்தது என்று பார்க்க வேண்டும். 1956இல் தென் கரோலினா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் இருப்பவர் யாருக்கும் மாநிலத்திலோ நகராட்சியிலோ பள்ளியிலோ வேலை இல்லை என்று. சார்ல்ஸ்டனில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை விலக மறுத்தார். பல பத்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கு வேலையும் போனது, பென்ஷனும் போனது. பிறகு தென் மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பின மக்களை ஓட்டுரிமைக்குத் தயார்செய்யும் வகுப்புகளைக் கட்டி எழுப்பியவர் அவர். அரசு ஊழியரின் பேச்சைக் காக்கும் வேலியைப் பிடுங்கினால் அடுத்த தடவை யார் மாட்டுவார்கள் என்பதற்கு எனக்கு அந்த அம்மாவின் கதை போதும். அதனால்தான் இனவெறிப் பேச்சு என்றாலே தானாக வேலை போய்விட வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. பூங்காவில் புல் வெட்டுபவர், கிடங்கில் கணக்குப் பார்ப்பவர், சர்வர் அறையில் இருப்பவர் வீட்டில் பேசியது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அது அவர் வேலையை எப்படிக் கெடுத்தது என்று அரசு காட்டியாக வேண்டும்.

சரி, உங்கள் தம்பி எந்தப் பக்கம்? அவர் கையில் துப்பாக்கி இல்லை, மக்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த வகையில் டெக்சாஸ் பெண்ணைப் போல என்று யூனியன் வக்கீல் வாதாடுவார், வாதாடட்டும். ஆனால் அவர் நாற்காலியில் என்ன நடக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. 911க்கு வரும் அழைப்பை யார் எடுப்பது என்பதை அழைப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. காலியாக இருக்கும் ஊழியருக்கு மெஷின் தள்ளிவிடும். மறுமுனையில் ஒரு தாய், குழந்தை மூச்சுவிடவில்லை என்று கத்துகிறாள். அந்தக் கத்தலை ‘மூச்சு நின்றது’ என்று டைப் செய்வதா, ‘அழைப்பவர் ஒத்துழைக்கவில்லை, யாரோ சண்டை’ என்று டைப் செய்வதா என்பதை முதல் சில நொடிகளில் முடிவுசெய்பவர் உங்கள் தம்பி. எந்த முன்னுரிமையில் வண்டி கிளம்பும், கூடவே போலீஸ் போகுமா, போகும் போலீஸ் என்ன மனநிலையில் போவார்கள் என்பதெல்லாம் அவர் அடிக்கும் அந்த வரியைப் பொறுத்து இருக்கிறது. பார்பெக்யூவில் அவர் நடித்துக் காட்டியது அந்தத் தாயின் குரலை. அதற்கு மேல், பெயர் சொல்லிச் சில தெருக்களுக்கு உதவி தாமதமாகத்தான் போகும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தெருவில் இருப்பவர் ஒருவரின் அப்பா போன வருஷம் மாரடைப்பில் இறந்திருந்தால், வீடியோவைப் பார்த்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. அன்று போனை எடுத்தது யார், வண்டி ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த தடவை போனைக் கையில் எடுக்கும்போது அவருக்கு ஒரு தயக்கம் வந்தால், 911 என்ற ஏற்பாடே அவருக்கு இல்லாமல் போகிறது. வாசலில் கூடியவர்கள் உங்கள் தம்பியின் வாழ்க்கையை அழிக்க வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் அதே போனை நம்பி இருப்பவர்கள்.

ஆகவே என் கருத்தைக் கேட்டால் இதுதான். குரலை நடித்ததும் சேஷ்டையும் மட்டும் இருந்திருந்தால், சுத்தமான ஆறு வருஷப் பதிவை வைத்து, கடுமையான வேறு தண்டனை போதும் என்று நானே வாதாடுவேன். காபிப் பேச்சு அதை மாற்றிவிட்டது. அது கறுப்பின மக்களைப் பற்றிய அபிப்பிராயமாக இருப்பதோடு நிற்கவில்லை, தன் வேலையைத் தான் எப்படிச் செய்கிறேன் என்று ஊழியரே சொன்னதாகவும் ஆகிறது. அதில் கொஞ்சமாவது உண்மை இருந்தால் அவர் அந்த நாற்காலியில் ஒரு ஷிப்ட்கூட உட்காரக் கூடாது. உண்மை துளியும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், வேலையைப் பறிக்காமல், மக்களின் அழைப்பு வராத வேறு பதவிக்கு இறக்குவது எனக்கு நியாயமாகப் படும். கவுண்டி இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று வாக்குத் தர என்னால் முடியாது.

உண்மையா இல்லையா என்பது தெரியவரும். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. எடுத்த நொடி, டைப் செய்த நொடி, அடுத்தவருக்கு அனுப்பிய நொடி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கவுண்டி அவருடைய பழைய அழைப்புகளை எடுத்துக் கேட்கும். கேட்காவிட்டால் நாமே கேட்கச் சொல்லலாம், அதுவே அவருக்குப் பெரிய சாட்சியாக அமையலாம். ஆனால் அதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியிடம் நேராகக் கேளுங்கள்: அந்தத் தெருக்களிலிருந்து வந்த ஒரு போனையாவது அலட்சியமாக எடுத்ததுண்டா? அக்காவிடம் சொல்லக் கூசினால் யூனியன் வக்கீலிடம் சொல்லட்டும். வக்கீலிடம் சொல்வது வெளியே போகாது, அக்காவிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பதில் தெரியாமல் அந்தப் பதிவுகளைக் கேட்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

நடைமுறையைச் சொல்கிறேன். ப்ரொபேஷன் முடிந்து நிரந்தரமான சிவில் சர்வீஸ் ஊழியர் என்றால், நியூயார்க் சிவில் சர்வீஸ் சட்டத்தின் 75ஆம் பிரிவு அவரைக் காக்கும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் எழுதக் குறைந்தது 8 நாள் கொடுக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், அதில் வக்கீலோ யூனியன் பிரதிநிதியோ கூட இருக்கலாம். விசாரணை முடியும்வரை சம்பளமில்லாமல் 30 நாளுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. அந்த நாள் தாண்டியும் சம்பளம் வரவில்லை என்றால் உடனே யூனியனிடம் சொல்லுங்கள், இதில் கவுண்டிகள் கோட்டைவிடுவது உண்டு. குற்றம் நிரூபணமானாலும் தண்டனை வேலைநீக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்டனம், 100 டாலர் வரை அபராதம், இரண்டு மாதம் வரை சம்பளமில்லாத சஸ்பென்ஷன், பதவி இறக்கம் என்று படிகள் இருக்கின்றன. யூனியன் ஒப்பந்தத்தில் இதற்குப் பதிலாக நடுவர் விசாரணை என்று இருக்கலாம், ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் 20 நாளுக்குள் சிவில் சர்வீஸ் கமிஷனுக்குப் போகலாம், அல்லது நான்கு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான். கோர்ட்டில் தண்டனையைக் குறைப்பது லேசில்லை. நியாய உணர்வையே உலுக்கும் அளவுக்குத் தண்டனை மிஞ்சியிருந்தால்தான் நியூயார்க் நீதிமன்றங்கள் கை வைக்கும். அதனால் ஜெயிப்பதோ தோற்பதோ அநேகமாக விசாரணை அறையிலேயே நடந்து முடிந்துவிடும்.

அந்த அறையில் பொய் சொல்லக் கூடாது. ‘நான் அப்படிச் சொல்லவில்லை, எடிட் செய்திருக்கிறார்கள்’ என்று உறவினர்கள் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விசாரணையில் பொய் சொன்னதையே தனிக் குற்றமாக்கித் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் மத்திய அரசு ஊழியர்கள் விஷயத்தில் சொல்லியிருக்கிறது. அலுவலகப் பேச்சு இருக்கும் வாட்ஸ்அப் குரூப்களையோ பழைய பதிவுகளையோ இப்போது அழிக்கவும் கூடாது. மன்னிப்பு வீடியோ போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும்தான். ஆனால் வக்கீலிடம் காட்டாமல் ஒரு வார்த்தைகூட வெளியில் போடக் கூடாது, ஒவ்வொரு வார்த்தையும் கோப்பில் ஏறும். அந்த மன்னிப்பில் ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்ற வாசகம் வேண்டாம். யார் புண்பட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், தெருப் பெயரைச் சொன்னவர் அவர்தானே.

வீடியோ எடுத்தவர் மீது வழக்கு வேண்டாம். உரையாடலில் இருக்கும் ஒருவர் சம்மதித்தாலே பதிவுசெய்யலாம் என்பது நியூயார்க் சட்டம். நடந்ததை நடந்தபடியே காட்டுவது அவதூறும் ஆகாது. பணமும் நாளும் வீணாகும், விசாரணை அதிகாரி அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்.

நம் வீடுகளில் கறுப்பின மக்களைப் பற்றி எவ்வளவு சர்வசாதாரணமாகப் பேசுகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே வந்து இறங்கிய வாரமே எந்தத் தெருவுக்குப் போகாதே என்று சொல்லிக்கொடுப்போம், அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஜாடையாகச் சொல்லிவிடுவோம். உங்கள் தம்பியின் ஜோக்குக்குச் சிரித்தவர்களும் நம் ஆட்கள்தான் என்று ஊகிக்கிறேன். நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்ற 1964ஆம் வருஷத்துச் சட்டம் 1972இல்தான் மாநில, உள்ளாட்சி வேலைகளுக்கும் வந்தது. திருச்சியிலிருந்து வந்த ஒரு பையன் பரீட்சை எழுதி கவுண்டி வேலையில் உட்கார்ந்ததற்குப் பின்னால், அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் அடிவாங்கிய கறுப்பின மக்கள் இருக்கிறார்கள். ‘ஒரு நாள் வேடிக்கை’ என்று எழுதியிருந்தீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

அதே காரணத்துக்காக, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கறுப்பின நண்பர்களிடம் நற்சான்றுக் கடிதம் கேட்காதீர்கள். அந்த வீடியோவை அவர்களும் பார்த்திருப்பார்கள். கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவன் இவன் என்ற வலி அவர்களுக்கு இருக்கும். இந்த நேரத்தில் கடிதம் கேட்டால், மறுத்தால் நட்பு போகும், எழுதினால் சொந்த ஜனங்கள் முகத்தில் முழிக்க முடியாது என்ற இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். அவர்களாகவே வந்து பேசினால் அது வேறு. தம்பி அவர்களைத் தனித்தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும், அப்போது கடிதம் என்ற பேச்சே வரக் கூடாது. வேண்டுமானால் அவருடைய சூப்பர்வைசர்கள் எழுதிய வருடாந்திர மதிப்பீடுகளையும், பயிற்சிச் சான்றிதழ்களையும், அழைத்தவர்கள் எப்போதாவது நன்றி சொல்லி எழுதியிருந்தால் அதையும் தேதி வாரியாக அடுக்கி யூனியன் வக்கீலிடம் கொடுங்கள். குற்றச்சாட்டு வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், பதில் எழுதும் நாள் கணக்கு அதை வைத்துத்தான்.